ஸ்ட்ராபெரி: மறுநாளே டப்பாவில் பூஞ்சை, என்ன செய்யலாம்?

கோத்தகிரித் தோட்டம்:
காலையில் பறித்து, கழுவி, 200 கிராம் டப்பாவில் அடைத்து சாயங்கால வண்டியில் கோயமுத்தூருக்கு அனுப்புகிறோம். மறுநாளே அடியில் இருக்கும் பழங்களில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி வந்துவிடுகிறது. பறித்த பழத்தை ஏதாவது மருந்தில் முக்கி எடுக்கலாமா?

மலைவாசி:
மருந்தில் முக்கவே முக்காதீங்க. அப்படியே வாயில் போடுகிற பழம். முதலில் கழுவுவதை நிறுத்துங்க, பாதிப் பிரச்சினை அதிலேயே இருக்கு. காம்புக் குழியில் தங்கும் ஈரம் எவ்வளவு துடைத்தாலும் போகாது.

நீங்க சொல்வது போட்ரைட்டிஸ் என்கிற சாம்பல் பூஞ்சை. பூவிலேயே புகுந்து, காயாக இருக்கும்வரை பதுங்கியிருந்து, பழுத்ததும் கிளம்பும். அதனால் வேலை வயலில்தான் ஆரம்பம்: வாடிய பூ, அழுகின பழம் எதையும் பாத்தியில் விடாதீங்க. அழுகினதைப் பொறுக்க வேற ஆள், வேற வாளி. அதைத் தொட்ட கையோடு நல்ல பழத்தைப் பறித்தால் பூஞ்சையை நாமே டப்பாவுக்குள் கொண்டுபோய் வைக்கிற மாதிரி. மருந்தடிப்பு பூக்கும் பருவத்தில். அடித்தபின் எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்பதை லேபிளில் பாருங்க.

பனி காய்ந்ததும் வெயில் ஏறும் முன் பறிக்கணும். பழத்தைப் பிடித்து இழுக்காமல் காம்பை நகத்தால் கிள்ளி, பச்சை இதழோடு எடுங்க. நேரே டப்பாவுக்குள் பறிப்பதே உத்தமம். இன்னொரு தடவை கொட்டிப் பிரித்தால் அடிபடும், அடிபட்ட இடத்தில்தான் முதலில் அழுகும். இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம்.

குளிர்கிடங்கு:
காலையில் பறித்தது சாயங்காலம் வரை சும்மா கிடக்குதே, அதுதான் பெரிய ஓட்டை. பறித்து ஒரு மணி நேரத்துக்குள் குளிர் ஏறணும். குளிர் அறையில் வைத்தால் மட்டும் போதாது, நடு டப்பா ஆற வெகுநேரம் ஆகும். கிரேட்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுச் சந்தின் மேலேயும் பின்பக்கமும் தார்ப்பாய் மூடி, முன்வாயில் ஃபேன் வைத்துக் காற்றை வெளியே இழுங்க. குளிர்காற்று டப்பா ஓட்டைகள் வழியாகத்தான் உள்ளே வரமுடியும். பழத்தின் நடுவில் தெர்மாமீட்டர் குத்தி 2 டிகிரி காட்டினால் நிறுத்தலாம். பிறகு 0 முதல் 1 டிகிரி, ஈரப்பதம் 90–95 சதவீதம். பழத்தை அழுகி ஒழுகவைக்கும் ரைசோபஸ் என்கிற இன்னொரு பூஞ்சை 5 டிகிரிக்குக் கீழே வளராது. போட்ரைட்டிஸ் 0 டிகிரியிலும் மெதுவாக வளரும், அதனால் குளிர் அவகாசம்தான் தரும்.

கோத்தகிரித் தோட்டம்:
எங்க வண்டியில் ஏசி இல்லையே?

குளிர்கிடங்கு:
அப்படியே ஏற்றினால் பழம் வியர்த்து ஈரமாகும், குளிர வைத்ததே வீண். அறைக்குள் இருக்கும்போதே கிரேட்டைப் பாலித்தீன் பையால் இறுகக் கட்டி, ஜெல் ஐஸ் பையோடு தெர்மோகோல் பெட்டியில் வைங்க. ஐஸ் பழத்தில் படக்கூடாது. வியர்வை பைக்கு வெளியேதான் படியும். குளிர்பெட்டி உள்ள கடையானால் பையை நேரே அதற்குள் வைத்துப் பிரிக்கலாம். இல்லையென்றால் கடைச் சூட்டுக்குப் பழம் வந்தபிறகுதான் பையை அவிழ்க்கணும்னு கடைக்காரரிடம் சொல்லிவிடுங்க.