சோடாவில் உப்பைப் போட்டதும் நுரை பொங்குவது ஏன்?

கேள்வி:
எலுமிச்சை சோடா போடும்போது, சாறு பிழிந்த தம்ளரில் சோடாவை ஊற்றி, கடைசியாக ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால், தம்ளர் வழிந்தோடும் அளவுக்கு நுரை பொங்குகிறது. உப்புக்கும் சோடாவுக்கும் இடையே வேதிவினை நடப்பதாக என் மகளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் சர்க்கரையைப் போட்டாலும் அப்படியே பொங்குவதால், சொன்னது தவறோ என்ற ஐயம் எழுந்துள்ளது.

பதில் 1:
ஐயம் சரியானதே, அது வேதிவினை அன்று. சோடாவில் கரியமில வாயு அழுத்தத்தில் கரைக்கப்பட்டிருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைவதால், நீர் தாங்கக்கூடியதைவிட மிகுதியான வாயு அதில் தங்கிவிடுகிறது. எனினும், புதிதாகத் தோன்றும் மிகச் சிறிய குமிழை நீரின் பரப்பு இழுவிசை உடனே நசுக்கிவிடும் என்பதால், அந்த வாயு எளிதில் வெளியேற முடிவதில்லை. ஏற்கெனவே துளி காற்று ஒட்டியிருக்கும் ஓர் இடுக்கு கிடைத்தால்தான் குமிழ் அங்கிருந்து வளர்கிறது. உப்புப் பரல்களின் சொரசொரப்பான முகங்களில் அத்தகைய இடுக்குகள் ஏராளம். தம்ளரின் உட்புறத்தில் ஒரே புள்ளியிலிருந்து குமிழ்கள் சரம்சரமாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். துடைத்த துணியின் நூலிழை ஒன்று அங்கே ஒட்டியிருக்கக்கூடும்.

பதில் 2:
இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உப்பை முதலில் ஒரு கரண்டி நீரில் முழுமையாகக் கரைத்து, சோடாவில் மெல்ல ஊற்றிப் பாருங்கள். நுரை வெகுவாகக் குறைந்துவிடும். மற்றொரு தம்ளர் சோடாவில், கழுவிக் காயவைத்த ஆற்று மணலைப் போட்டால், அது கரையாத பொருளாக இருந்தும் நன்றாகப் பொங்கும். (அதைக் குடித்துவிட வேண்டாம்.) உண்மையான வேதிவினையை மகளுக்குக் காட்ட விரும்பினால், எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடாவைப் போடுங்கள், அங்கே கரியமில வாயு புதிதாகவே உண்டாகிறது.

பதில் 3:
சோடாவின் குளிர்ச்சியும் முக்கியம். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 0 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 0.9 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. எனவே நன்றாகக் குளிர்ந்த சோடாவே குறைவாகப் பொங்கும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இருவரும் சேர்ந்து செய்து பார்த்தோம். மணல் துகள்கள் அடியில் அமர்ந்த பிறகும், அவற்றிலிருந்து மெல்லிய குமிழ்ச் சரங்கள் நெடுநேரம் ஏறிக்கொண்டிருந்தன. இப்போது உப்பைச் சாற்றிலேயே கரைத்துவிட்டு, குளிர்ந்த சோடாவைத் தம்ளரின் ஓரமாக ஊற்றுகிறோம். ஒரு சொட்டும் வழிவதில்லை.