ஜாவா பாசி பழுப்பேறியது பற்றி: புதுப்பிப்பு

கோடையில் என் மீன்தொட்டியில் மரக்கட்டைமேல் கட்டிவைத்த ஜாவா பாசி (அழகுக்காக நீருக்குள் வளர்க்கும் ‘மாஸ்’ வகைச் செடி) பழுப்பேறி உதிர்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். நுனியெல்லாம் இப்போது இளம்பச்சை!

சூடுதான் காரணம். தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டிருந்தது. மேற்பரப்பில் காற்று படும்படி சின்ன மின்விசிறி வைத்ததும் 28-க்கு இறங்கியது. நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். ஆனால் ஆவியான அளவுக்கு போர் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறும். ஆகவே வாரம் ஒருமுறை கொஞ்சம் பழைய நீரை எடுத்துவிட்டு மாற்றுகிறேன்.

விளக்கு 6 மணி நேரம் போதும். அடர்ந்த கொத்தையும் வெட்டிவிட்டேன். உள்ளே வெளிச்சமும் நீரோட்டமும் போகாமல் அழுக்குதான் சேர்ந்திருந்தது. அடிமண் உரம் வேண்டாம், பாசிக்கு உண்மையான வேர் கிடையாது.

வெட்டியதை ஏரியில் விடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். பிரேசிலைச் சேர்ந்த சால்வீனியா என்ற மிதக்கும் நீர்ச்செடி 1939-இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் குளங்களையும் வயல்களையும் மூடிய களையானது. நான் வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுகிறேன்.

தொட்டியில் உள்ள இன்னொரு நீர்ச்செடியான கிரிப்டோகோரைனின் இலைகள் இன்னும் கரைகின்றன. வேர்த்தண்டு உறுதியாக இருப்பதால் பிடுங்கவில்லை. துளிர்த்தால் படம் போடுகிறேன்.