விடுதி வைஃபையில் குரோம்காஸ்ட் போனுக்குத் தெரியவில்லை – உதவி தேவை

விடுதிவாசி:
எங்கள் பல்கலைக்கழக விடுதியின் பொது அறை டிவியில் என்பிடெல் இணையப் பாடங்களைச் சேர்ந்து பார்க்கலாம் என்று எல்லோரும் காசு போட்டு, போனில் தேர்ந்தெடுக்கும் காணொளியை டிவியில் காட்டும் கருவியான குரோம்காஸ்ட் (மூன்றாம் தலைமுறை) ஒன்றை வாங்கி மாட்டினோம். வளாகத்தில் இரண்டு வைஃபை இருக்கின்றன. ஒன்று எடுரோம், அவரவர் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவது. இன்னொன்று கருவிகளுக்கானது. கருவியின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் அடையாள எண்ணை) கணினி மையத்தில் பதிவு செய்துவிட்டால் பொதுக் கடவுச்சொல்லே போதும். குரோம்காஸ்ட் இந்த இரண்டாவதில் இருக்கிறது, எங்கள் போன்கள் எடுரோமில்.

டிவியில் மலையும் கடலுமாகப் படங்கள் மாறி மாறி வருகின்றன, மூலையில் நேரமும் சரியாகக் காட்டுகிறது. ஆனால் யூட்யூபிலிருந்து டிவிக்கு அனுப்ப (காஸ்ட் செய்ய) போனால் கருவியின் பெயரே பட்டியலில் வருவதில்லை. ஒரு நண்பனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்தால் உடனே வந்துவிடுகிறது. கருவியில் கோளாறா, நெட்வொர்க்கில் கோளாறா?

பழைய மாணவன்:
தம்பி, எங்கள் காலத்தில் சுவரில் இருக்கும் ஈத்தர்நெட் போர்ட்டில் ஒரு சின்ன ரவுட்டரை மாட்டி, போனையும் டிவியையும் அதிலேயே இணைத்துவிடுவோம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

வளாக நெட்வொர்க் நிர்வாகி:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ரவுட்டரில் இணையம் உள்ளே வரும் வான் (WAN) போர்ட்டில் போக வேண்டிய கேபிளை அவசரத்தில் உள்கருவிகளுக்கான லான் (LAN) போர்ட்டில் செருகிவிட்டால், அந்த ரவுட்டர் மாடி முழுவதற்கும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளை வழங்க ஆரம்பித்துவிடும். பக்கத்து அறைகளில் இணையம் போய்விடும், எதனால் என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. கேபிளைச் சரியாகவே மாட்டினாலும், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அறைக்கு ஒரு ரவுட்டர் வந்தால் மாடியில் யாருக்குமே வைஃபை ஒழுங்காகக் கிடைக்காது.

விடுதிவாசி, உங்கள் கருவி நன்றாகவே இருக்கிறது. படமும் நேரமும் வருகின்றன என்றால் அதற்கு இணையம் கிடைக்கிறது. யூட்யூப் காணொளியை குரோம்காஸ்ட் தானே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட்தான். அந்த ரிமோட் கருவியைக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் சிக்கல்.

“இங்கே குரோம்காஸ்ட் யாராவது இருக்கிறீர்களா?” என்று போன் 224.0.0.251 என்ற முகவரிக்கு யூடிபி என்ற அனுப்பும் முறையில் 5353 போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது செய்தி நுழையும் வாசல் எண்) கூப்பிட்டுக் கேட்கும். எம்டிஎன்எஸ் என்பது இதுதான். இந்தக் கூப்பாடு ஒரே உள்நெட்வொர்க்குக்குள்தான் கேட்கும், ரவுட்டரைத் தாண்டாது. எடுரோமும் கருவி வைஃபையும் வேறு வேறு விலேன்களில் (பிரித்துவைத்த உள்நெட்வொர்க்குகளில்) இருந்தால், போன் கேட்பது டிவிக்குப் போய்ச் சேராது. உங்கள் போன் ஒன்றையும் கருவி வைஃபையில் இணைத்துப் பாருங்கள். பதிவு செய்யும் முன் அந்த வைஃபைக்கு மட்டும் ரேண்டம் மேக்கை (உண்மையானதற்குப் பதில் போன் காட்டும் தற்காலிக மேக் முகவரியை) அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் பொதுவாகத் தம் உண்மையான மேக்கைக் காட்டுவதில்லை.

விடுதிவாசி:
நன்றி சார். போனையும் பதிவு செய்து இணைத்தேன். அப்போதும் பட்டியல் காலிதான்.

வளாக நெட்வொர்க் நிர்வாகி:
அப்படியானால் கிளையன்ட் ஐசொலேஷன் போட்டிருக்கிறார்கள். ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியாது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கானோர் இருக்கும் இடத்தில் ஒருவரின் லேப்டாப் இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. எம்டிஎன்எஸ் போன்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும்) செய்திகளை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும், அது முடியும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இது உங்கள் வளாகத்துக்கு மட்டும் வந்த தலைவலியும் இல்லை. ஆப்பிள் டிவியால் இதே பாடு பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழக நிர்வாகிகள் 2012இல் ஆப்பிளுக்குக் கூட்டாக மனுவே போட்டார்கள்.

அதனால் கணினி மையத்தில் போய் “ஐசொலேஷனை எடுங்கள்” என்று கேட்காதீர்கள், எடுக்க மாட்டார்கள். பொது அறை குரோம்காஸ்ட் ஒன்றுக்கு மட்டும் எம்டிஎன்எஸ் கேட்வே (போனின் கூப்பாட்டை நெட்வொர்க் தாண்டிக் கொண்டுசேர்க்கும் வசதி) வேண்டும், அந்த மாடியின் ஆக்சஸ் பாயின்ட்டுகளில் இருக்கும் போன்களுக்கு மட்டும் அது தெரிந்தால் போதும் என்று கேளுங்கள். சிஸ்கோ, அரூபா, ரக்கஸ் என வளாக வைஃபை கருவிகள் எல்லாவற்றிலும் இதற்கு வசதி உண்டு. கூடவே எடுரோமிலிருந்து அந்தக் கருவிக்கு டிசிபி 8008, 8009, 8443 போர்ட்டுகளைத் திறக்கச் சொல்லுங்கள். மேக் முகவரி, அறை எண், பொறுப்பாளர் பெயர் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

கருவியை எடுரோமுக்கே மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயனர்பெயர் கேட்கும் 802.1எக்ஸ் முறை உங்கள் குரோம்காஸ்ட்டில் கிடையாது.

இரண்டாம் மாடி:
எங்கள் மாடியில் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருக்கிறோம். அதற்கு ரிமோட் இருப்பதால் போனே தேவையில்லை. அதன் யூட்யூப் செயலி காட்டும் குறியீட்டைப் போனில் தட்டினால், வேறு நெட்வொர்க்கில் இருந்தும் காணொளி அனுப்பலாம். அந்த இணைப்பு இணையம் வழியாகப் போகிறது. புதிதாக வாங்குபவர்கள் ரிமோட் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது என்பேன்.

விடுதிவாசி:
வார்டன் கையெழுத்தோடு கொடுத்தோம், கணினி மையத்தில் செய்து கொடுத்துவிட்டார்கள். முதலில் பெயர் மட்டும் வந்தது. தொட்டால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, இணைய முடியவில்லை என்று நின்றுவிடும்.

வளாக நெட்வொர்க் நிர்வாகி:
பெயர் வருகிறது என்றால் எம்டிஎன்எஸ் சரி. ஃபயர்வாலில் (நெட்வொர்க்குகளுக்கு இடையே எதை விடுவது என்று தீர்மானிக்கும் காவலில்) 8009 திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், கட்டளைகள் போவது அதன் வழியாகத்தான். சாதாரண காஸ்ட் வேலை செய்து, போன் திரையை அப்படியே காட்டுவது மட்டும் வரவில்லை என்றால் அதற்கு யூடிபி போர்ட்டுகளும் வேண்டும், அதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

விடுதிவாசி:
8009தான் சார், விட்டுப்போயிருந்தது. இப்போது யூட்யூப் ஓடுகிறது. திரையைக் காட்டும் வசதி எங்களுக்குத் தேவையில்லை, அதைக் கேட்கவில்லை. கருவிக்கு ‘பொது அறை, முதல் மாடி’ என்று பெயர் மாற்றிவிட்டேன். மற்ற மாடிக்காரர்களும் விண்ணப்பிக்கப் போகிறார்கள், நாங்கள் எழுதிய கடிதத்தின் நகலை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.