விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவள்

கொடிமுல்லை:

பெண்ணியம் பேசியதற்காக முகம் தெரியாதவர்களிடம் வசவு வாங்கியதை இந்தப் பக்கத்தில் பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வந்திருக்கிறது. அவர்களைத் தடை செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடிந்தது. பெற்ற தாய் என்னோடு பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பா இறந்து கருமாதி முடிந்ததும் பத்திர எழுத்தர் வீட்டுக்கு வந்தார். பூர்வீக நிலத்தில் அக்காவும் நானும் எங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. ஆதார் நகல் மட்டும் கேட்டார்கள். அதில் அம்மாவுக்கும் பங்கு உண்டு என்பதை அம்மாவிடமே ஒருவரும் சொல்லவில்லை. அவர் கைநாட்டு வைத்தார். அக்கா கையெழுத்துப் போட்டார். நான் போடவில்லை.

"பெரியவளுக்கு 88-லேயே கல்யாணம் ஆகிவிட்டது, அவளுக்குப் பங்கே கிடையாது, சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் கையெழுத்து" என்றார் எழுத்தர். அவர் சொன்னது பழைய கதை. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம்தான் அதற்கு முன்பே திருமணமான மகள்களை விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கிவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதையெல்லாம் சொன்னபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பொங்கல் சீர் வந்தால் போதும், விடு" என்றார். அந்தச் சீர் மஞ்சள் கொத்தும் கரும்பும் ஒரு சேலையும்தான். அதை நிறுத்திவிட்டால் புகுந்த வீட்டில் அக்காவுக்குப் பின்னால் ஆள் இல்லை என்றாகிவிடும். அந்தப் பயத்தை நான் குறைவாக மதிக்க மாட்டேன்.

என்னை அதிகம் வதைத்தது வேறு. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது இங்கே சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. அந்த மாநாட்டைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர் என் அண்ணன். சிறுவயதில் எனக்குப் புத்தகம் வாங்கித் தந்து, கேள்வி கேள் என்று பழக்கியவரும் அவர்தான். இன்று என்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போகிறார். ஊரில் எனக்குப் 'பங்கு கேட்டவள்' என்று பெயர். நான் எதையும் கேட்கவில்லை, எனக்குரியதை எழுதிக்கொடுக்க மறுத்தேன்.

மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன் வரவில்லை. யார் மடியில் குழந்தையை உட்கார வைப்பது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது அக்கா மணையில் வந்து உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்ட அதே அக்கா. "பெரியம்மா மடி போதாதா?" என்று பூசாரியைப் பார்த்துக் கேட்டார். சில பெரியவர்கள் எழுந்து போனார்கள். இரவில் தூக்கம் வராத நாட்களில் நான் நினைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

தறிச்சத்தம்:

கொடிமுல்லை அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் எழுதத் தோன்றவில்லை.

நான் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவில் இருக்கிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருந்தாக வேண்டிய குழு. புகார் வந்தால் 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும், விவரம் எதுவும் வெளியே போகக் கூடாது. போகக் கூடாது என்பது சரிதான், புகார் கொடுத்த பெண்ணுக்கு அதுதான் அரண். ஆனால் அவள் அழுதுகொண்டே சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் வீட்டுக்குச் சுமந்து வருகிறேன். கணவரிடம்கூடச் சொல்ல முடியாது. சாப்பாட்டு அறையில் நான் நுழைந்தால் ஆண்கள், "பார்த்துப் பேசுங்கப்பா" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பைப் பொறுத்துக்கொள்கிறேன். விசாரணை முடிவதற்குள்ளேயே ஒரு பெண் வேலையை விட்டுப் போனாள். அறிக்கை அவளுக்குச் சாதகமாக வந்தபோது அவள் இங்கே இல்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இந்தச் சட்டத்தின் வேர் பன்வாரி தேவி. ராஜஸ்தானில் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானவர். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிட்டது. அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997-இல், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்த விசாகா தீர்ப்பு வந்தது, அதிலிருந்து 2013 சட்டம். அவருக்குக் கிடைக்காத ஒன்று எங்கள் தையல் பிரிவுப் பெண்ணுக்கு ஓரளவாவது கிடைக்கிறது. நினைத்தால் தெம்பும் வருகிறது, குற்றவுணர்வு போன்ற ஒன்றும் வருகிறது.

எங்கள் குழுவின் வெளி உறுப்பினர் ஒரு மூத்த வழக்கறிஞர். ஒவ்வொரு விசாரணை முடிந்த மாலையும் என்னை அழைப்பார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "சாப்பிட்டாயா? நாளைக்கு விடுப்புப் போடு" என்பார். நான் இன்னும் இந்தக் குழுவில் இருப்பதற்கு அவர்தான் காரணம்.

வெயில்நிலா:

நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன், அக்கா. உட்காரும் உரிமைக்கு 2021-இல் நம் மாநிலத்தில் சட்டத்திருத்தம் வந்தது. எங்கள் தளத்தில் நாற்காலி எங்கே என்று மேலாளரிடம் கேட்டவள் நான். ஒரே ஒரு முக்காலி வந்தது. அதில் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு ஆள் அனுப்புகிறார்கள். என்னோடு நிற்கிற பெண்களே, "உன்னால் எங்களுக்கும் கெடுபிடி" என்கிறார்கள். அதுதான் வலிக்கிறது. கால் வீக்கம் அவர்களுக்கும் இருக்கிறதே. நேற்று மட்டும் மாதவிடாய் நாளில் இருந்த ஒரு அக்கா ஒன்றும் சொல்லாமல் போய் அந்த முக்காலியில் உட்கார்ந்தார். அனுப்பிய ஆள் வந்து நின்றும் எழுந்திருக்கவில்லை.

கொடிமுல்லை:

வெயில்நிலா, தனியாகப் புகார் கொடுக்காதே அம்மா. தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் கொடு, முடிந்தால் அந்த அக்காவோடு சேர்ந்து. அவர் பயந்தால் வற்புறுத்தாதே.

தறிச்சத்தம், அந்த வழக்கறிஞரைப் போல் ஒருவர் எனக்கும் வேண்டும் என்று பொறாமையாக இருக்கிறது. நான் இன்னும் பாகப்பிரிவினை வழக்குப் போடவில்லை. அம்மா இருக்கும்வரை போட மனம் இல்லை, கையெழுத்துப் போடவும் மனம் இல்லை. இதைக் கோழைத்தனம் என்று பெண்ணியம் பேசும் தோழிகளே சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வில்லங்கச் சான்று எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவின் பங்கு எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அவர்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொன்னார்.