புதுப்பிப்பு: செஸ்னா 150 சிறு விமானத்தின் சக்கரக் கால்களின் துரு

பெயின்ட் உப்பி அடியில் துரு பிடித்திருந்த கால்களைப் பற்றிக் கேட்டிருந்தேனே, வேலை முடிந்தது. கழற்றி எடுத்துவந்து, சுங்கை சிப்புட்டில் மச்சானின் கார் பெயின்ட் பட்டறையில் செய்தோம்.

அமிலம் கலந்த பெயின்ட் ரிமூவர் போடச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் போடவில்லை. இந்தக் கால்கள் ஸ்பிரிங் எஃகு, வளைந்து மீளும் வகை. அமிலத்தால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் எஃகு வளையும் தன்மை குறைந்து திடீரென உடையலாம். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. மெல்லிய உப்புத்தாளால், கையாலேயே, நீளவாக்கில் மட்டும் தேய்த்தோம். குறுக்குக் கீறலில் விரிசல் சுலபமாகத் தொடங்கும். துருக்குழி ஆழமில்லை என்று லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் அடிப்பூச்சாக எபாக்ஸி பிரைமர், மேலே பாலியூரிதேன் பெயின்ட். மாலை மழைக்கு முன்பே அடித்துவிடுங்கள். கல்லடி படும் முன்விளிம்புக்கு டேப் இனிமேல்தான் ஒட்ட வேண்டும்.