ஸ்லாட் கேன்யன்: அப்பாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு லேபர் டே விடுமுறையில் போகலாமா?

தாழம்பூ_பீனிக்ஸ் கேட்டது:

வணக்கம். நாங்கள் இருப்பது பீனிக்ஸில். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், அக்டோபர் கடைசி வரை இருப்பார். லேபர் டேயை ஒட்டி வரும் விடுமுறையில் நான், மனைவி, பதினொரு வயதுப் பையன், அப்பா நால்வரும் வட அரிசோனாவில் இருக்கும் பேஜ் ஊர் வரை போய், அப்படியே யூட்டாவுக்குள்ளும் சுற்றிவிட்டு வரலாம் என்று யோசனை. ஆன்டிலோப் கேன்யன் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது, ஆனால் போய் வந்தவர்கள் எல்லோரும் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள். ஓரிடத்தில் நின்று நிதானமாகப் பார்ப்பதற்குள் பின்னால் அடுத்த குழு வந்து நிற்குமாம். எனக்கு வேண்டியது வேறு. ஸ்லாட் கேன்யன் என்கிறார்களே, இரண்டு பக்கமும் சுவர் தோளை உரசுகிற பாறை இடுக்கு, அதில் நாங்கள் பாட்டுக்கு நடக்க வேண்டும். பையனுக்கோ விசித்திரமான பாறைகள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம், ஹூடூ (தூண் மாதிரி நிற்கும் பாறை), ஆர்ச் (பாறை வளைவு) என்று இப்போதே பெயர்களை ஒப்பிக்கிறான்.

அப்பாவுக்கு 66 வயது. தினமும் காலையில் நடக்கிறவர், சமதரையில் எவ்வளவு தூரமும் வருவார், இறங்கும்போதுதான் முழங்கால் பிடித்துக்கொள்ளும். எங்கள் வண்டி சாதாரண செடான். பீக்கபூ, ஸ்பூக்கி, பக்ஸ்கின் கல்ச் என்று பெயர்கள் கண்ணில் படுகின்றன. இதில் எது எங்களுக்கு ஒத்துவரும்? செப்டம்பர் முதல் வாரம் சரியான நேரமா? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

செம்பாறை:

முதலில் தேதியை மாற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை அந்த வட்டாரத்துக்கு மழைக்காலம். ஊரெல்லாம் பெய்கிற மழை இல்லை அது. ஒரே ஒரு மேகம் ஏதோ ஒரு மேட்டின் மேல் நின்று கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். கீழே வெறும் பாறை, தண்ணீரை உறிஞ்ச மண்ணும் கிடையாது, பிடித்து நிறுத்த மரமும் கிடையாது. விழுந்ததெல்லாம் வழிந்து ஓடைக்கு வரும், ஓடை நேராகக் கேன்யனுக்குள் நுழையும். அகலமான ஓடையில் முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீர் மூன்றடி இடுக்குக்குள் புகுந்தால் எவ்வளவு உயரம் ஏறும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டிலோப் கேன்யனின் கீழ்ப்பகுதியான லோயர் ஆன்டிலோப்பில் 11 சுற்றுலாப் பயணிகள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தது இப்படித்தான். அவர்கள் நின்ற இடத்தில் சொல்லும்படி மழையே இல்லை, பெய்தது பல மைல் மேலே. வழிகாட்டி ஒருவர் மட்டும் பிழைத்தார். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதே என்று அதை நம்பி உள்ளே போகாதீர்கள். அந்தக் கேன்யனுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று வரைபடத்தில் பாருங்கள், அந்த இடத்தின் வானிலையைத்தான் கவனிக்க வேண்டும். தேசிய வானிலை சேவை ஸ்லாட் கேன்யன் பகுதிகளுக்கென்றே தினமும் திடீர் வெள்ள அபாயத்தை நான்கு படிகளாகப் போடுகிறது. மிகக் கீழான படி இருக்கும் நாளில் மட்டும் பையனோடு உள்ளே போங்கள்.

அப்பா அக்டோபர் கடைசி வரை இருக்கிறார் என்றால் அக்டோபர் நடுவில் போகலாமே. பகல் வெயில் தாங்கும், ராத்திரி நன்றாகக் குளிரும், வெள்ள ஆபத்தும் ரொம்பக் குறைந்திருக்கும்.

உங்கள் நால்வருக்கும் பொருந்துவது வயர் பாஸ் என்ற சின்னக் கேன்யன், அது வழியாக பக்ஸ்கின் கல்ச். பேஜிலிருந்து 89-ஆம் நெடுஞ்சாலையில் கனாப் ஊருக்குப் போகும் வழியில் ஹவுஸ் ராக் வேலி ரோடு இடது பக்கம் பிரியும். அதில் எட்டரை மைல் மண் சாலை. காய்ந்து கிடந்தால் செடான் மெதுவாகப் போய்விடும், நனைந்தால் ஃபோர் வீல் டிரைவும் மாட்டிக்கொள்ளும், அந்தக் களிமண் அப்படி. முந்தின நாளே கனாபில் இருக்கும் நில மேலாண்மை அலுவலகத்துக்குப் போன் செய்து சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பகல் நடைக்கு ஆளுக்கு 6 டாலர் பர்மிட்.

முதலில் திறந்த மணல் ஓடைதான், வெயில் உறைக்கும். ஒரு மைலுக்கு மேல் போனதும் சுவர்கள் நெருங்கும். நடுவில் ஓரிடத்தில் பாறைகள் அடைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு இறக்கம் இருக்கும். ஏணி போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அந்த இடம் மாறும், மணல் ஏறி இறக்கம் குறைந்தும் இருக்கலாம், அரித்துப் போய்க் கூடியும் இருக்கலாம். சாலையைப் பற்றிக் கேட்கும்போதே இதையும் கேளுங்கள். அப்பாவுக்கு அங்கேதான் கை கொடுக்க வேண்டியிருக்கும். 1.7 மைலில் பக்ஸ்கினோடு சேரும் இடத்தில் பெரிய குடைவு ஒன்று உண்டு, சுவரின் அடிப்பக்கம் கொம்பு வளைந்த காட்டு ஆடுகளைப் பழங்குடி மக்கள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தொடக் கூடாது என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கை எண்ணெய் பட்டுப் பட்டே அவை வீணாகும். அங்கிருந்து வலப்பக்கம் பக்ஸ்கினில் மனம் போகிற வரை நடந்துவிட்டு அதே வழியில் திரும்புங்கள். முழு நீளம் பதின்மூன்று மைலுக்கு மேல், அது உங்களுக்கு வேண்டாம்.

உள்ளே ஓரிடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். தலைக்கு வெகு உயரத்தில் ஒரு மரத்தடி இரண்டு சுவருக்கும் குறுக்கே செருகிக்கொண்டு கிடக்கும், பட்டை உரிந்து வெளுத்து, ஒரு நுனியில் காய்ந்த சேறும் சுள்ளியும் அப்பியபடி. யாரும் ஏற்றி வைத்தது அல்ல, தண்ணீர் வந்த மட்டம் அது.

விடிகாலை_வேகஸ்:

செம்பாறை சொன்னதில் பெரும்பகுதி சரிதான், ஆனால் செப்டம்பரை அப்படியே தள்ளிவிட வேண்டியதில்லை. அங்கே இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கிளம்பும். விடியும்போதே உள்ளே போய்ப் பத்து மணிக்குள் வெளியே வந்துவிட்டால் போதும், நான் அப்படித்தான் போகிறேன். விடுமுறை எல்லோருக்கும் நினைத்தபோது கிடைப்பதில்லையே.

பீக்கபூ, ஸ்பூக்கி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோளை உரசுகிற இடுக்கு வேண்டும் என்றால் அதற்கு ஸ்பூக்கியை விட்டால் வேறில்லை. எஸ்கலான்டே ஊரைத் தாண்டி ஹோல் இன் தி ராக் ரோடு என்ற மண் சாலையில் 26 மைல். சாலை முழுக்கக் குறுக்கு வரிகள், வண்டி கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். பீக்கபூ வாசலிலேயே பன்னிரண்டு அடி ஏற வேண்டும், பாறையில் கால் வைக்கக் குழி வெட்டியிருக்கிறது. பீக்கபூவில் ஏறி ஸ்பூக்கி வழியாக இறங்குவதுதான் வழக்கம், எதிர்த்திசையில் வந்தால் ஒதுங்க இடமே இருக்காது. ஸ்பூக்கியில் சில இடம் ஓரடிக்கும் குறைவு. பையைத் தோளில் போட்டுக்கொண்டு போக முடியாது, கழற்றிக் கையில் பிடித்தபடி ஒருக்களித்துத்தான் நகர வேண்டும், மூக்குக்கு நேர் எதிரே பாறை, மூச்சை இழுத்தால் நெஞ்சு இடிக்கும். உங்கள் பையன் விட்டால் திரும்பி வரவே மாட்டான். அப்பாவுக்கு வேண்டாம், பெரிய உடம்புக்காரர்களுக்கும் வேண்டாம், மூடிய இடத்தில் பதற்றம் வருகிறவர்கள் கிட்டேயே போக வேண்டாம். நீங்களும் பையனும் போய்விட்டு வரும்வரை மனைவியும் அப்பாவும் அதே சாலையில் 12-ஆம் மைலில் இருக்கும் டெவில்ஸ் கார்டனில் இருக்கலாம். மெட்டாட்டே ஆர்ச் அங்கேதான், ஏற்ற இறக்கம் அதிகமில்லாத சின்ன நடை, வித்தியாசமான பாறைகள் நிறைய.

செம்பாறை:

காலை நேரக் கணக்கு சின்னக் கேன்யனுக்கு ஓரளவு சரி, பக்ஸ்கினுக்குச் சரிப்படாது. அதற்குத் தண்ணீர் வருவது பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காப் பக்கம் வரை நீளும் பரப்பிலிருந்து. அங்கே முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழை ராத்திரியெல்லாம் நடந்து, நீங்கள் உள்ளே இருக்கிற நேரத்துக்கு வந்து சேரலாம். உள்ளே மாட்டினால் வெகு தூரத்துக்கு மேலே ஏற வழி கிடையாது. அனுபவம் உள்ள ஒருவர் தனியாகப் போய்க் கணக்குப் போடுவது அவர் இஷ்டம். பதினொரு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலிக்காரரும் கூட வரும்போது அவசரமாக ஓடி வர முடியாதே. 2015 செப்டம்பரில் சீயோன் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் ஒரு குழுவில் ஏழு பேரும் இறந்தார்கள். அதே நாளில் ஹில்டேல் ஊரில் வெள்ளம் வண்டிகளை இழுத்துப் போய் இன்னும் பலர். மழைக்காலத்தில் இந்த ஊர்ப்பக்கம் சுற்றிப் பார்க்கத் தடையில்லை, இடுக்குக்குள் மட்டும் போகாதீர்கள்.

இன்னொன்று. டெவில்ஸ் கார்டனில் அவர்களை விட்டுவிட்டுப் போகிற யோசனை நல்லது, ஆனால் வண்டி ஒன்றுதான். அங்கே நிழல் குறைவு, போன் சிக்னலை நம்ப முடியாது. அப்பாவிடமும் மனைவியிடமும் தண்ணீரையும் சாப்பாட்டையும் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பது அங்கே ஆடம்பரம் இல்லை.

மணற்படிவு:

பையனுக்குப் பாறைப் பைத்தியம் என்றதால் எழுதுகிறேன். இந்தக் கேன்யன்களில் பெரும்பாலானவை நவஹோ மணற்பாறையில் வெட்டப்பட்டவை. ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே பெரிய மணல் பாலைவனம் இருந்தது, அந்த மணல்மேடுகள்தான் இறுகிப் பாறையாயின. சுவரில் சாய்வாக ஓடுகிற கோடுகளைக் காட்டி, காற்று அன்றைக்கு எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மணல் சரிந்து விழுந்த பக்கம் கோடு கீழ்நோக்கிச் சாயும், காற்று போன திசை அது. ஒரு கோட்டுத் தொகுதியை இன்னொன்று வெட்டிக்கொண்டு போகும், முதல் மேடு அரிந்த பிறகு அதன் மேல் அடுத்த மேடு நகர்ந்து வந்ததன் தடம். சிவப்பும் ஆரஞ்சும் இரும்புத் துரு.

இடுக்கு ஏன் இவ்வளவு குறுகல் என்றும் கேட்பான். பாறையில் ஏற்கெனவே வெடிப்பு இருக்கும், வெள்ளம் அதில் இறங்கும். தண்ணீரைவிட அது சுமந்து வரும் மணலும் கல்லும்தான் அறுக்கிற வேலையைச் செய்கின்றன, அதனால் அடிப்பக்கம் வேகமாக ஆழமாகிறது. மழை அடிக்கடி பெய்கிற நாடாக இருந்தால் இரண்டு பக்கச் சுவரும் கரைந்து சரிந்து அகலமான பள்ளத்தாக்காகியிருக்கும். இங்கே வருஷத்தில் சில நாள் மட்டும் வெள்ளம், மற்ற நாளெல்லாம் வறட்சி, அதனால் சுவர் நிமிர்ந்தே நிற்கிறது.

பிரைஸ் ஹூடூ வேறு கதை. அது ஏரி அடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை, மேட்டு நிலம் எட்டாயிரம் அடிக்கு மேல், வருஷத்தில் 170 முதல் 200 நாள் பகலில் பனி உருகி வெடிப்பில் இறங்கி ராத்திரி உறைகிறது. உறைந்தால் விரியுமே, அதுதான் பிளக்கிறது. யூட்டாவிலேயே இருக்கும் காப்ளின் வேலி பூங்கா இன்னொரு விதம், என்ட்ராடா மணற்பாறை, மேலே கெட்டி, கீழே இளகல். கீழே அரிந்து போக மேலே தலை மட்டும் நிற்கிறது, மழைக்கு முளைத்த காளான் மாதிரி ஒரு மைதானம் முழுக்க. 2013-இல் அங்கே ஒருவர் அப்படி ஒரு பாறையைத் தள்ளிவிட, கூட இருந்தவர் வீடியோ எடுக்க, அதுவே வழக்காகி இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கோடிக்கணக்கான வருஷப் பாறை, ஒரு நிமிஷத்தில் போயிற்று. இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஓடையை விட்டு வெளியே நடக்கும்போது மண்ணின் மேல் கறுப்பாகப் புடைத்த பொருக்கு தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது, நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் சேர்ந்து மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது, ஒரு மிதிக்குத் திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். தரையில் உருண்டையாகக் கிடக்கும் இரும்புக் குண்டுகளைப் பையன் பையில் போட்டுக்கொள்ளத் துடிப்பான், அதற்கும் தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லை.

தாழம்பூ_பீனிக்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசியாயிற்று, அக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு மாற்றிவிட்டோம். வயர் பாஸ் உறுதி. மீதி இரண்டு நாளுக்கு பிரைஸா, காப்ளின் வேலியா? பையன் காப்ளின் வேலி என்கிறான், அப்பா இரண்டையும் பார்க்கலாமே என்கிறார். ஆன்டிலோப்பை விட்டுவிடலாமா? மனைவிக்கு அதை விட மனமில்லை. அப்புறம் உள்ளே ஏதாவது ஆனால் போன் வேலை செய்யுமா?

விடிகாலை_வேகஸ்:

தேதி மாற்றியது நல்லதே. இரண்டு நாளில் இரண்டையும் திணித்தால் வண்டியிலேயே பொழுது போய்விடும். பிரைஸ் போங்கள். சன்ரைஸ் பாயின்ட்டிலிருந்து சன்செட் பாயின்ட் வரை விளிம்போரம் தார் போட்ட சமமான பாதை, அரை மைல், அப்பா அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நீங்களும் பையனும் குவீன்ஸ் கார்டன் என்ற நடைபாதையில் இறங்கி நவஹோ லூப் என்ற பாதையில் ஏறி வாருங்கள், சுமார் மூன்று மைல். காலையில் உறைகிற குளிர் இருக்கும், அப்பாவுக்கு நல்ல ஜாக்கெட் எடுங்கள். காப்ளின் வேலியை இன்னொரு தடவைக்கு வையுங்கள், அதன் பக்கத்திலேயே லிட்டில் வைல்ட் ஹார்ஸ் கேன்யனும் இருக்கிறது, குடும்பத்தோடு போக அருமையான இடம், இரண்டையும் சேர்த்துப் போனால்தான் அந்தத் தூரத்துக்கு நியாயம்.

ஆன்டிலோப்பை விட வேண்டாம், மனைவி சொல்வது சரி. கூட்டம் உண்டுதான், ஆனாலும் அந்த வளைவும் வெளிச்சமும் வயர் பாஸில் கிடைக்காது. அது நவஹோ பழங்குடி மக்களின் நிலம், அவர்கள் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது, முன்பதிவு செய்துவிடுங்கள். அப்பர் ஆன்டிலோப் எடுங்கள், உள்ளே தரை சமம், வெளியே வரும்போதுதான் இரும்புப் படிகள். லோயரில் செங்குத்தான ஏணிகள், அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது. உள்ளே பை அனுமதிக்க மாட்டார்கள், தண்ணீர் பாட்டிலையும் போனையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புது ஐபோன்களில் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கலாம், கார்மின் இன்ரீச் என்ற சாட்டிலைட் கருவியும் உண்டு, ஆனால் இரண்டுக்குமே திறந்த வானம் வேண்டும், இடுக்குக்குள் கோடு மாதிரித் தெரிகிற வானம் போதாது. அதனால் எந்தக் கேன்யன், எத்தனை மணிக்குள் வெளியே வருவோம், வராவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று பீனிக்ஸில் யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். 2003-இல் ஆரன் ரால்ஸ்டன் புளூஜான் கேன்யனில் பாறைக்கடியில் கை சிக்கி ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, கடைசியில் கையையே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

போன் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேஜ் அரிசோனா நேரத்தில் ஓடுகிறது, யூட்டாவும் நவஹோ நிலமும் அக்டோபரில் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைப் போன் காட்டும். ஆன்டிலோப் டூர் பேஜ் நேரப்படிதான் கிளம்பும், டிக்கெட் எடுக்கும்போதே அதை ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.