ஆர்டிசியை மாற்றினால் ஓஎஸ் லாக் எழுத வேண்டாமா?

நள்ளிரவு_க்ரான்:
லினக்ஸில் ரூட்டாக நுழைந்து, எச்டபிள்யூகிளாக் கமாண்டின் செட் ஆப்ஷனைக் கொண்டு ஹார்டுவேர் கடிகாரத்தை (ஆர்டிசி: மெஷின் அணைந்தாலும் பேட்டரியில் ஓடுவது) இரண்டு நாள் முன்னே தள்ளிப் பாருங்கள். ஜர்னலில் (சிஸ்டத்தின் லாக்) பொதுவாக ஒரு வரிகூட விழாது. டேட் கமாண்ட் சரியான நேரத்தையே காட்டும். ரீபூட் செய்ததும்தான் குட்டு வெளிப்படும்: என்டிபி (நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்வது) வந்து சேரும்வரை எல்லா லாக்கும் நாளை மறுநாள் தேதியில் இருக்கும். ஓடும் ஓஎஸ் தன்னிடம் வைத்திருக்கும் சிஸ்டம் கடிகாரம் நகர்ந்தால் மட்டும் சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) ஒரு வரி எழுதுகிறது. ஆர்டிசிக்கு ஏன் இந்த மௌனம்?

பூட்லோடர்:
சோதிக்கும் முன் என்டிபியை நிறுத்துங்கள். கடிகாரம் ஒத்திசைந்திருக்கும்போது ஓஎஸ்ஸின் மையமான கர்னலே சுமார் 11 நிமிடத்துக்கு ஒருமுறை சிஸ்டம் நேரத்தை ஆர்டிசியில் எழுதிவிடும்; நீங்கள் செய்த மாற்றம் ரீபூட்டுக்கு முன்பே அழிந்துபோகும். (குரோனி என்ற என்டிபி நிரலின் அமைப்பில் ஆர்டிசிசிங்க் வரி இருந்தாலும் இதே கதைதான்.)

"ஆர்டிசி எழுத்தையெல்லாம் பதிவு செய்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். நாளைக்கு 130 வரி குப்பை சேரும். யூசர்ஸ்பேஸிலிருந்து (கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களிலிருந்து) வரும் மாற்றத்தைப் பதியலாம், கர்னல் தானே எழுதுவதை விட்டுவிடலாம். இயல்பாகவே இது இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

ஆடிட்_ஆசாமி:
இன்றைக்கே லினக்ஸின் தணிக்கைப் பதிவு நிரலான ஆடிட்டிடியில் செய்துகொள்ளலாம். ஆனால் வழக்கமான 'டைம்-சேஞ்ச்' விதிகளை நம்ப வேண்டாம். அவை அட்ஜ்டைம்எக்ஸ், செட்டைம்ஆஃப்டே, கிளாக்_செட்டைம் ஆகிய சிஸ்டம் கால்களை (நிரல் கர்னலிடம் விடுக்கும் கோரிக்கைகளை) மட்டுமே பார்க்கும். எச்டபிள்யூகிளாக் ஆர்டிசியை மாற்றுவது, டிவைஸுக்குக் கட்டளை அனுப்பும் ஐஆக்டில் என்ற வேறொரு சிஸ்டம் கால் வழியாக.

ஆர்டிசி0 டிவைஸ் ஃபைல் மீது ரைட் வாட்ச் (எழுதுவதற்குத் திறந்தால் பதியும் விதி) போட்டாலும் சிக்காது. எச்டபிள்யூகிளாக் அதை ரீட்-ஒன்லியாகத்தான் திறக்கும்; ஐஆக்டிலுக்குத் தேவை ரைட் அனுமதி அல்ல, சிஸ்-டைம் கேப்பபிலிட்டி (நேரத்தை மாற்றும் உரிமை). ரீட் வாட்ச் போட்டால் சும்மா நேரம் படிப்பவனெல்லாம் பதிவாவான்.

சரியான விதி: ஐஆக்டில் சிஸ்டம் கால், ஏ1 (அதன் இரண்டாவது ஆர்க்யுமெண்ட்) = 1076129802. ஆர்டிசியில் நேரம் வைக்கும் கட்டளையின் எண் அது. 64 பிட், 32 பிட் இரண்டுக்கும் தனித்தனி விதி, எண் ஒன்றே. யூசர் ஐடி, புராசஸ், நேரம் எல்லாம் கிடைக்கும். என்ன நேரம் வைத்தார்கள் என்பது மட்டும் கிடைக்காது, ஏனென்றால் மூன்றாவது ஆர்க்யுமெண்ட் வெறும் பாயிண்டர் (மெமரி முகவரி). மதிப்பும் வேண்டுமென்றால் கர்னலின் ஆர்டிசி_செட்_டைம் ட்ரேஸ்பாயிண்டை (கர்னலுக்குள் நடப்பதைப் பதியும் வசதி) இயக்குங்கள். அதில் 11 நிமிட எழுத்துகளும் சேர்ந்தே வரும், வடிகட்டிக்கொள்ள வேண்டும்.

பூட்லோடர்:
விண்டோஸின் 4616 நிகழ்வு பழைய நேரம், புதிய நேரம், மாற்றிய புராசஸ் மூன்றையும் சொல்லும். அது சிஸ்டம் நேரத்துக்கானது என்றாலும், பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சிஎம்ஓஎஸ்_செல்:
பயாஸுக்குள் போய் மாற்றினாலோ, சிஆர்2032 செல் தீர்ந்து தேதி பழையதற்குத் திரும்பினாலோ எந்த ஓஎஸ்ஸாலும் பதிய முடியாது. அப்போது அது ஓடவே இல்லையே. பூட்டில் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முந்தைய பூட்டின் கடைசி ஜர்னல் வரியையும், இந்த பூட்டில் ஆர்டிசி கொடுத்த நேரத்தைச் சொல்லும் கர்னல் வரியையும் பக்கத்தில் வையுங்கள். நேரம் பின்னே போயிருந்தால் சந்தேகமே இல்லை. முன்னே போயிருந்தால் மெஷின் அவ்வளவு நேரம் அணைந்தே கிடந்திருக்கலாம், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஓரிரு விநாடி வித்தியாசத்துக்கு அலற வேண்டாம். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள கிரிஸ்டல் நாளைக்கு 1.7 விநாடி விலகும், ஒரு மாதம் அணைந்திருந்தால் 50 விநாடிக்கு மேல். இன்னொன்று: சிஸ்டம்டியின் என்டிபி நிரலான டைம்சிங்க்டி, தான் கடைசியாகச் சேமித்த நேரத்துக்குக் கீழே சிஸ்டம் கடிகாரத்தை விடாது. பின்னே தள்ளிய ஆர்டிசியை அது மூடி மறைத்துவிடும், அதனால் டேட் காட்டுவதைப் பார்க்காமல் அந்தக் கர்னல் வரியையே பாருங்கள்.

நள்ளிரவு_க்ரான்:
ஐஆக்டில் விதி வேலை செய்கிறது. ஆனால் ரூட் கையில் இருப்பவன் ஆடிட் லாக்கையே அழிக்கலாமே?

ஆடிட்_ஆசாமி:
அழிக்கலாம். லாக்கை அப்போதைக்கப்போது வேறொரு சர்வருக்கு அனுப்புங்கள், அங்கே வந்து சேர்ந்த நேரத்தையும் கூடவே பதியச் செய்யுங்கள். பிறகு ஆடிட் விதிகளை அமைக்கும் ஆடிட்சிடிஎல் கமாண்டில் இ 2 என்ற ஆப்ஷனைக் கொடுத்து விதிகளைப் பூட்டிவிட்டால், ரீபூட் இல்லாமல் யாரும் கழற்ற முடியாது.